இருபதாவது பீஸ்

வாட்ச்மேன் சட்டையில் மூன்றாவது பட்டனுக்குக் கீழே தொங்கிய நூல் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டு அங்குலம் இருக்கும். வெள்ளைச் சட்டையில் நீல நூல், பட்டன் தைத்த மகராசனுக்கு நூலை மாற்றக்கூடச் சோம்பல். வெட்டிவிடலாம் என்று கை தானாகக் கழுத்துக்குப் போனது, சரியாக அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார், "கத்தரி, பிளேடு, ஊசி ஏதாச்சும் வெச்சிருக்கறயாம்மா? உள்ள விடமாட்டாங்க." கழுத்தில் பனியன் துணி நாடாவில் தொங்கிய டிரிம்மரைக் கழற்றிக் கொடுத்தேன். நூல் வெட்டும் சின்னக் கத்தரிதான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை ஒரு தகர டப்பாவில் போட்டு ஒன்பதாம் நம்பர் டோக்கனைக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. குழந்தைகள் போடும் துணிக்குள் ஒரு ஊசி முனை கிடந்தால் கப்பலேறிய சரக்கு மொத்தமும் திரும்பி வந்துவிடும், அதனால் கூரான எதுவும் வெளியிலிருந்து உள்ளே போகக்கூடாது, உள்ளேயிருந்து வெளியே வரவும் கூடாது. திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குப் போனாலும் இதுதான் சட்டம். பழைய கம்பெனியில் பன்னிரண்டு வருடமும் சாயங்காலமானால் டிரிம்மரை ஒப்படைத்து, நம்பர் இருபத்தேழு என்று சொல்லி, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன். கடைசி நாள் மட்டும் யாரும் கேட்கவில்லை, எனக்கும் நினைவில்லை. வீட்டுக்குப் போய்க் குளிக்கிறபோதுதான் கழுத்தில் அது கிடப்பது தெரிந்தது. திருடியது என்று சொல்ல முடியாது, கொடுத்தது என்றும் சொல்ல முடியாது. ஏழு மாதமாக அது சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. இன்றைக்கு எதற்கு மாட்டிக்கொண்டு வந்தேன் என்று கேட்டால், கழுத்தில் அது இல்லாமல் வேலை பார்த்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

இப்போது நான் உட்கார்ந்திருப்பது செக்கிங் டேபிள். வெள்ளை மைக்கா, தலைக்கு மேலே இரண்டு டியூப்லைட், இடப்பக்கம் பார்க்காத பீஸ், வலப்பக்கம் பார்த்த பீஸ். உட்கார்ந்ததும் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது, எனக்கே சிரிப்பு வந்தது. ஏழு மாதம் வீட்டுச் சுவரில் சாய்ந்து கூனிய முதுகு இது. சௌமியா மேடம் என்று ஒரு சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது, இந்தக் கம்பெனியின் குவாலிட்டி முழுக்க அவள் கையில். கழுத்தில் அளவு டேப்பைத் துண்டு போலப் போட்டுக்கொண்டு வந்தாள். "ஒரு மணி நேரமுங்க்கா. ஆளுக்கு இருபது பீஸ். குழந்தைங்க டீ-சர்ட்டு, ஆறு வயசு சைஸு. எங்கெங்க தப்பு இருக்குதோ அங்க அம்பு ஸ்டிக்கர் ஒட்டிருங்க. டீ பெல் அடிக்கறப்ப வந்து பாக்கறேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வேலை ஒன்று, வந்திருப்பது இரண்டு பேர். நானும், எதிரில் உட்கார்ந்திருக்கிற செலினும். செலின் திண்டுக்கல் பக்கத்துப் பெண், இருபத்தைந்து இருபத்தாறு வயது, வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தில் தன் கதையை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டாள். அவள் கம்பெனியிலும் இதே கதைதான், வெளிநாட்டில் ஆர்டர் நின்றது, இங்கே மெஷின் நின்றது. அவள் விரல்கள் டேபிளில் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் எனக்கே வேர்க்கிறது. பார்க்காதே வசந்தாமணி, உன் டேபிளைப் பார். கழுத்திலிருந்து ஆரம்பித்து வலது தோள், வலது கை, அக்குள், பக்கத் தையல், அடி மடிப்பு, அப்படியே ஏறி இடது பக்கம், மறுபடி கழுத்து. கோயில் பிரகாரம் சுற்றுவது போல எப்போதும் வலமாகத்தான் சுற்ற வேண்டும். பிறகு உள்ளே வெளியே புரட்டி இன்னொரு சுற்று. முதல் பீஸில் தோள் தையல் ஓர் இடத்தில் தாண்டியிருந்தது, ஒட்டினேன். இரண்டாவதில் எண்ணெய்க் கறை, மூன்றாவதில் ஒரு கை நீளம் ஒரு கை கட்டை. நான்காவதில் சைஸ் லேபிளே மாறியிருந்தது, எட்டு வயசு லேபிள். என்னிடமா இந்த விளையாட்டு என்று உள்ளுக்குள் ஒரு திமிர் எழுந்தது. ரொம்ப நாளாகக் காணாமல் போயிருந்த திமிர்.

இந்தத் திமிரால் நான் பட்ட பேச்சு கொஞ்சமில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் அவன் சட்டைக் காலரைப் பார்ப்பேன். ஒருமுறை பஸ்ஸில் முன்சீட்டு ஆளின் தோளில் நூல் நீட்டிக்கொண்டிருக்க, கை பொறுக்காமல் இழுத்துவிட்டேன், அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து எனக்கு வைத்த பெயரே அம்பு ஸ்டிக்கர். "அம்பு ஸ்டிக்கர் ஊட்டுல இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டுதான் வாசலில் செருப்பைக் கழற்றுவார். துணி மூட்டை ஏற்றுகிற டெம்போ ஓட்டுகிறார், இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் லோடு, மற்ற நாளெல்லாம் ஸ்டாண்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வருகிறார், ஆனாலும் அந்த வாய் மட்டும் குறையவில்லை. இன்று காலையில் நான் கிளம்பும்போது சொன்னார், "உன்ற கண்ணுல தப்பிச்சுப் போற பனியன் இந்த ஊர்ல இல்லையாமா, போய்ட்டு வா." அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது விளையாட்டாக இல்லை. ஏனென்றால் அவருக்குத் தெரியாது. போன வருடத்திலிருந்து ஊசியில் நூல் கோக்க மகள் யாமினியைக் கூப்பிடுகிறேன், அது அவருக்குத் தெரியும். அரிசியில் கல் பொறுக்கும்போது முறத்தைத் தள்ளிப் பிடிக்கிறேன், அதையும் பார்த்திருப்பார். ஆனால் வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று கண்ணாடிக்கடையில் சொன்னதும், யாமினி தேர்ந்தெடுத்த சிவப்புச் சட்டமிட்ட கண்ணாடி என் கைப்பையின் அடியில் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே கிடப்பதும் எனக்கும் யாமினிக்கும் மட்டும்தான் தெரியும். போட்டால் நன்றாகத் தெரிகிறது, அதுதான் கொடுமையே. இதுவரை ஐந்து கம்பெனி ஏறி இறங்கியாகிவிட்டது. மூன்றாவது கம்பெனியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் போனேன். சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான். "செக்கிங்குக்குக் கண்ணுதாங்க்கா முக்கியம், சின்னப் பொண்ணுங்களாத்தான் பாத்துட்டிருக்கறோம், நம்பர் குடுத்துட்டுப் போங்க" என்றான். நம்பர் கொடுத்தேன். அதற்கப்புறம் போன இரண்டு கம்பெனிக்கும் கண்ணாடி பையை விட்டு வெளியே வரவில்லை. அங்கிருந்தும் யாரும் கூப்பிடவில்லை, அது வேறு விஷயம்.

ஐந்து, ஆறு, ஏழு. அயனிங் பக்கமிருந்து நீராவி வாசமும் புதுத்துணி வாசமும் சேர்ந்து வருகிறது. இந்த வாசத்துக்காகவே சில நாள் வீட்டிலிருந்து கிளம்பி கம்பெனித் தெருவரைக்கும் நடந்துபோய்விட்டுத் திரும்பியிருக்கிறேன், வெட்கக்கேடு, யாரிடமும் சொன்னதில்லை. காலை பதினொரு மணியானால் உடம்பு டீ கேட்கும். ஊரே அந்த நேரத்தில் பேக்கரி வாசலில் நின்று டீ குடிக்கும். நான் வீட்டில் தனியாகப் போட்டுக் குடித்தால் அது டீயாகவே இறங்காது. அம்மா ஏன் மத்தியானம்வரை படுத்தே இருக்கிறாள் என்று யாமினி கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். காலேஜில் முதல் வருடம். போன ஞாயிற்றுக்கிழமை அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள், "அம்மா, நான் ஒண்ணாந்தேதியில இருந்து கம்பெனிக்குப் போறேன். கைமடியா ஒரு இடம் இருக்குதாம். காலேஜ் அப்பறம் பாத்துக்கலாம்." கைமடி என்றால் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து அடுக்குகிற வேலை. நான் பதினாறு வயதில் அப்படித்தான் ஆரம்பித்தேன். அப்பறம் பாத்துக்கலாம் என்று என் அப்பாவும்தான் சொன்னார், அந்த அப்பறம் வரவேயில்லை. அவரைக்காயில் ஒரு புழு இருந்தது, அதைத்தான் காட்டினேன். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. எட்டாவது பீஸை எப்போது முடித்தேன் என்றே நினைவில்லை, வலப்பக்கக் குவியலில் கிடக்கிறது, கை மடிப்பில் ஓர் அம்பு ஒட்டியிருக்கிறேன். கை தானாகச் சுற்றி வந்துவிட்டது போலிருக்கிறது. ஒன்பதாவதை எடு. யாமினியை நினைக்காதே. நினைத்தால் கண் எங்கே நிற்கும்?

நினைக்காதே என்றால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த லாட். கம்பெனியை மூடுவதற்கு மூன்று வாரம் முன்னால், பக்கத் தையல் ஓரத்தில் ஓட்டையோடு நாற்பது பீஸ் திரும்பி வந்தது. எல்லாவற்றிலும் இருபத்தேழாம் நம்பர் ஸ்டிக்கர். நான் பாஸ் பண்ணிய பீஸ். யாரும் திட்டவில்லை, ஒரு பார்வை பார்த்தார்கள், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மெஷினையெல்லாம் நிறுத்தச் சொல்லி, மேனேஜர் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, ஆர்டர் முழுக்க கேன்சல் ஆகிவிட்டது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். செக்கிங்கில் நாற்பத்தாறு பேர். ஏழு பேரை மட்டும் இன்னொரு யூனிட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லிப் பெயர் வாசித்தார்கள். ஏழாவது பெயர் முடிந்த பிறகும் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், எட்டாவதாக ஒரு பெயர் வரும் என்று. அன்றிலிருந்து இன்றுவரை என்னை நானே டேபிளில் விரித்துப் போட்டு வலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எங்கே தப்பு? கண்ணா? வயசா? வாயா? சூப்பர்வைசரிடம் ஒருமுறை எதிர்த்துப் பேசினேனே, அதுவா? ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்தாலும் அம்பு ஒட்டப் புதிதாக ஓர் இடம் கிடைத்துவிடும். நாச்சிமுத்து சொல்வார், "நாப்பத்தாறு பேர்ல முப்பத்தொம்பது பேர் வெளிய வந்தீங்க. முப்பத்தொம்பது பேரும் குருடா?" கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மனசு நியாயத்துக்கா கட்டுப்படுகிறது? பத்தில் பாக்கெட் கோணல். பதினொன்றில் கழுத்துப் பட்டியின் நிறம் ஒரு பொட்டு வெளுப்பு. ஒட்டு, ஒட்டு.

போன மாதம் ஒரு நாள் காதர்பேட்டைப் பக்கம் போயிருந்தேன். கேன்சலான சரக்கெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும், நடைபாதையில் தார்ப்பாய் விரித்துக் கொட்டி வைத்திருப்பார்கள், ஜனங்கள் கிளறிக் கிளறி எடுப்பார்கள். ஒரு குவியலில் பச்சை டீ-சர்ட். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, நின்று போன எங்கள் ஆர்டர். பேர் போட்ட லேபிளை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து உள்ளே புரட்டினேன், இடுப்புத் தையல் பக்கம் குட்டி ஸ்டிக்கர், இருபத்தேழு. அங்கேயே நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கழுத்திலிருந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பொண்ணு பாக்கற மாதிரி பாக்கற? நல்ல பீஸு, எடுத்துட்டுப் போ" என்றார். ஆமாம், நல்ல பீஸ்தான். ஒரு தப்பும் இல்லை. ஒரு தப்பும் இல்லாமல்தான் தார்ப்பாய்க்கு வந்திருந்தது. எடுத்துக்கொண்டு வந்து நாச்சிமுத்துவுக்குக் கொடுத்தேன், இன்று காலை அதைத்தான் போட்டிருந்தார். பஸ் ஏறும்வரை என்னோடு நின்றார். பச்சை அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை, அதைச் சொன்னால் அம்பு ஸ்டிக்கர் என்பார் என்று சொல்லவில்லை. பதினைந்து, பதினாறு. சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது. கை ஓடுகிறது, கடவுளே, இந்தக் கை எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறது. பதினெட்டில் ஒரு கை உள்பக்கம் வெளியே தைத்திருக்கிறது, இதைக் கண்டுபிடிக்கக் கண்ணே வேண்டாம். பத்தொன்பதில் அடி மடிப்பில் நூல் அறுந்திருக்கிறது. பத்தொன்பது பீஸ், பத்தொன்பதிலும் அம்பு. இன்னும் ஒன்றுதான்.

இருபதாவது பீஸ். கருநீலம், நெஞ்சில் ஒன்றும் அச்சடிக்காத வெறும் டீ-சர்ட். கழுத்து சரி. வலது தோள் சரி. கை, அக்குள், பக்கத் தையல், அடி மடிப்பு, இடது பக்கம், எல்லாம் சரி. உள்ளே புரட்டினேன், லேபிள் சரி. டேப் வைத்து அளந்தேன், நெஞ்சு அகலம் சரி, உயரம் சரி. மறுபடி கழுத்திலிருந்து. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையா, எனக்குத் தெரியவில்லையா? கருநீலத்தில் கருநீல நூல், அதில் ஒரு தையல் தாண்டியிருந்தால் இந்தக் கண்ணுக்கு எங்கே தெரியும்? அந்த நாற்பது பீஸும் கருநீலம்தான், அதை ஏன் இப்போது நினைக்கிறேன்? பத்தொன்பதில் இருக்கிறபோது இருபதாவதில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்? மூன்றாவது சுற்று. துணியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் கலங்குகிறது, தள்ளிப் பிடித்தால் சின்னதாகிவிடுகிறது. எதிரில் செலின் முடித்துவிட்டாள், கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள், பிறகு டேபிள் மேல் குனிந்து கிசுகிசுத்தாள். "கடேசி பீஸாக்கா? எனக்கும் ஒண்ணும் சிக்கலைக்கா. சும்மா எங்கிட்டாவது ஒண்ண ஒட்டிருங்க. வெறுமனே விட்டா பாக்கவே இல்லேன்னு நெனச்சுக்கிருவாங்க." அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கு நல்லது செய்வதாகத்தான் சொன்னாள். மணி பத்து ஐம்பத்திரண்டு. இடது தோளில் தையல் ஓர் இடத்தில் லேசாக நெருங்கியிருப்பது போல இருந்தது. இருந்ததா? இருந்தது என்று வைத்துக்கொண்டேன். ஓர் அம்பை உரித்து அங்கே ஒட்டினேன். ஒட்டியதும் வயிற்றில் ஒரு நிம்மதி, இருபதுக்கு இருபது. அந்த நிம்மதி இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் நான் தப்பை விட்டிருக்கிறேன், அந்த நாற்பது பீஸை விட்டேன், ஆனால் இல்லாத தப்பை ஒரு நாளும் ஒட்டியதில்லை. இந்த பீஸ் இப்போது ஆல்டருக்குப் போகும். ஒரு டெய்லர் நல்ல தோளைப் பிரித்து மறுபடி தைப்பான், தைத்த இடம் இழுத்துக்கொள்ளும், கடைசியில் நிஜமாகவே கெட்டுப்போகும். எதற்காக? நான் பயந்ததற்காக.

கைப்பையைத் திறந்தேன். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கீழே வைத்தேன், அது டொங்கென்று சத்தம் போட்டு நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பார்க்கட்டும். கண்ணாடிக் கூட்டைத் திறந்து சிவப்புச் சட்டத்தைக் காதில் மாட்டினேன். டேபிள் அப்படியே எழுந்து முகத்துக்கு நேராக வந்தது. துணியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரிந்தது, எவ்வளவு அழகான பின்னல், சாமி. நாலாவது தடவையாகக் கழுத்திலிருந்து வலமாக ஒரு சுற்று, இந்த முறை அவசரப்படாமல், ஒவ்வொரு தையலாக. இடது தோளில் நெருக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்த பீஸில் தப்பில்லை. கண்ணில் சட்டென்று தண்ணீர் வந்துவிட்டது, டீ-சர்ட்டுக்காக அழுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். தப்பில்லை, தெரிகிறதா வசந்தாமணி, எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இல்லை, சில பீஸில் இருக்காது. அம்பின் முனையை நகத்தால் நெம்பி மெதுவாக உரித்தேன். உரித்த இடத்தில் அம்பின் வடிவத்திலேயே ஒரு பசைத் தடம் பளபளத்தது. விரலால் தேய்த்தேன், வெள்ளைத் தூசி வந்து ஒட்டிக்கொண்டு இன்னும் பளிச்சென்று ஆனது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், பரவியது. ஊரில் தப்பு கண்டுபிடிக்கிற மகராசி, தப்பில்லாத ஒரே பீஸில் என் கையாலேயே தப்பு உண்டாக்கி வைத்திருக்கிறேன். செலின் வாயில் கை வைத்துக்கொண்டாள். அதன் மேலேயே மறுபடி அம்பை ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? தடம் மறைந்துபோகும், இருபதுக்கு இருபது. ஸ்டிக்கர் இன்னும் என் விரலில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. யாமினி ஞாபகம் வந்தது, ஒன்றாம் தேதி ஞாபகம் வந்தது. பெல் அடித்தது.

சௌமியா மேடம் நேராக என் டேபிளுக்குத்தான் வந்தாள். ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பீஸாகப் புரட்டினாள். அவள் விரலும் வலமாகத்தான் சுற்றுகிறது, யாரோ நன்றாகத்தான் பழக்கியிருக்கிறார்கள். ஏழுவரை தலையை மட்டும் ஆட்டினாள். எட்டில் நின்றாள். "இதுல ரெண்டு இருக்குதுங்க்கா. கை மடிப்பைப் புடிச்சுட்டீங்க. அக்குள்ல ஊசி ஓட்டை ஒண்ணு, அதை உட்டுட்டீங்க." கண்ணாடி வழியாகப் பார்த்தேன், ஆமாம், கடுகளவு ஓட்டை, பல்லை இளித்துக்கொண்டு இருந்தது. "கண்ணாடி போடாமப் பாத்ததுங்க மேடம்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாய் முந்திக்கொண்டது. அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், சிவப்புச் சட்டத்தைப் பார்த்தாள். எனக்கு அந்த மூன்றாவது கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது, இனி நம்பர் கேட்பாள், எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அவள் ஒன்பதை எடுத்தாள். பத்தொன்பதுவரை தாளில் டிக் டிக்கென்று போட்டுக்கொண்டே வந்தாள். இருபதை எடுத்துத் தோளைப் பார்த்து, "இதென்னங்க்கா, கறையா? இது நான் வெச்சதில்லையே" என்றாள். "நான் வெச்சதுங்க" என்றேன். "இந்த பீஸ்ல தப்பே இல்லீங்க மேடம். நாலு சுத்துப் பாத்துப்போட்டேன். ஒண்ணும் இல்லாம குடுத்தா நான் பாக்கலைன்னு நெனப்பீங்களோன்னு பயந்து சும்மா ஒரு அம்பு ஒட்டிப்போட்டனுங்க. அப்பறம் மனசு கேக்கல, உரிச்சுட்டேன். பசை ஒட்டிப்போச்சு. பீஸு நல்ல பீஸுங்க, தப்பு என்மேலதானுங்க." எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. செலின் எழுந்து நின்று, அவளுடைய இருபதாவது பீஸைத் தூக்கிப் பிடித்திருந்தாள், அம்போடு. "நானுந்தான் மேடம் சும்மா ஒட்டுனேன். இன்னும் உரிக்கல, அம்புட்டுத்தான் வித்தியாசம்." பக்கத்து டேபிள்காரர்கள் சிரித்துவிட்டார்கள். சௌமியா மேடமும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தாள், சிரிக்கும்போது யாமினி வயசுதான் தெரிந்தது.

அவள் என்னிடம் அந்த பீஸைக் கொடுத்து மூலையைக் காட்டினாள், அங்கே கறை எடுக்கிற டேபிள், துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. "போய் எடுத்துட்டு வாங்க பாக்கலாம்." போனேன். தோளை விரித்து வைத்து அடித்தேன், மருந்து வாசம் மூக்கில் ஏறியது, பசை கரைந்து ஓடி, காற்றடித்துக் காய்ந்ததும் இடமே தெரியவில்லை. கண்ணாடியோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து பாஸ் கூடையில் போட்டாள். "கடைசி பீஸு வேணும்னே தப்பில்லாமத்தான் வெக்கறதுங்க்கா. இதுவரைக்கும் ட்ரயலுக்கு வந்த பதினோரு பேரும் அதுல ஒண்ணு ஒட்டிட்டுத்தான் போனாங்க. சும்மா ஒட்டுனேன்னு மொதல்ல சொன்னது நீங்கதான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆர்டர் ரெண்டு மாசத்துக்குக் கையில இருக்குது. அதுக்கப்பறம் என்ன ஆகும்னு எனக்கே தெரியாதுங்க. பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கு எட்டரைக்கு வந்துருங்க" என்றாள். செலினிடம் அடுத்த லாட் வந்ததும் கூப்பிடுகிறேன் என்று நம்பர் வாங்கிக்கொண்டாள், ஆனால் அந்த நம்பரைத் துண்டுத்தாளில் எழுதாமல் தன் போனிலேயே ஏற்றிக்கொண்டாள், அதை நான் பார்த்தேன். ரெண்டு மாசம். ஒன்றாம் தேதி தாண்டிவிடும், அதற்கப்புறம் இன்னொரு ஒன்றாம் தேதியும் தாண்டிவிடும். யாமினி பரீட்சை எழுதிவிடுவாள். அதற்கப்புறம் வருவதை அப்போது பார்ப்போம், நானும் சும்மா இருக்கப்போவதில்லை. கதவுப் பக்கம் போனவள் திரும்பி வந்தாள். மனசை மாற்றிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். "அப்பறங்க்கா, நாளைக்கு வாரப்ப அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டே வாங்க. டீ இங்கயே வரும், குடிச்சுட்டுப் போங்க."

குடித்தோம், நானும் செலினும், நாற்பது பெண்களுக்கு நடுவே நின்றுகொண்டு. சர்க்கரை தூக்கலான, ஆறிப்போன, மட்டமான டீ. ஏழு மாதத்தில் தொண்டைக்குள் இறங்கிய முதல் டீ. "சொல்லாம இருந்திருந்தீங்கன்னா எனக்கு வேல கெடச்சிருக்குமாக்கா?" என்று செலின் கேட்டாள். "கெடச்சிருக்கும் கண்ணு" என்றேன். "அப்ப நீங்க கெட்டவங்கதான்" என்று சொல்லிவிட்டு என் தோளில் இடித்துச் சிரித்தாள். லாட் வந்ததா என்று தினமும் அந்த மேடத்திடம் கேட்டு அரித்துவிட வேண்டும், இவளுக்காக. வாசலில் வாட்ச்மேன் டோக்கனை வாங்கிக்கொண்டு தகர டப்பாவிலிருந்து டிரிம்மரை எடுத்துக் கொடுத்தார். "என்னம்மா, ஆச்சா?" "நாளைக்கு எட்டரைக்கு வரச் சொன்னாங்க." "அப்ப இதை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துரு. இங்க உனக்குன்னு நம்பர் போட்டுக் குடுத்துருவாங்க." சரியென்று தலையாட்டினேன். போன் எடுத்து நாச்சிமுத்துவைக் கூப்பிட வேண்டும், யாமினிக்குச் சொல்ல வேண்டும், முதலில் யாருக்கு? அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. "அண்ணா, ஒரு நிமிஷம் அசையாம நில்லுங்க" என்றேன். அவர் புரியாமல் நின்றார். மூன்றாவது பட்டனுக்குக் கீழே தொங்கிய நூலை இரண்டு விரலால் பிடித்து, ஒட்ட வெட்டினேன்.